பிள்ளைகளோடு முதல் பனிச்சறுக்கு விடுமுறை: ஊர் பார்ப்பது, வீடு பிடிப்பது

பெப்ரவரி விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நாளில், வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கண்ணைச் சுற்றி வெளுத்தும் மீதி முகம் கறுத்தும் வந்து நிற்பார்கள். பனிக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வாரம் மலை வெயிலில் நின்ற அடையாளம் அது. "நாங்கள் எப்போது போவோம்?" என்று எங்கள் மூத்தவன் கேட்கத் தொடங்கி மூன்றாவது வருடம்தான் போனோம். அதுவரை, இது காசுள்ளவர்களின் விளையாட்டு, எங்களுக்குச் சரிவராது என்று ஒதுக்கியே வைத்திருந்தோம். உண்மையில் செலவு அதிகம்தான். ஆனால் ஹோட்டலை விட்டுவிட்டு, சமைத்துச் சாப்பிடக்கூடிய ஒரு சிறிய வீட்டை வாரக் கணக்கில் எடுத்தால், இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு சாதாரணக் குடும்பத்தால் சமாளிக்க முடியும். அதற்கு முன்கூட்டியே சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

நான் எழுதுவது பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியைப் பற்றி, அதிலும் சவுவா, ஓத்-சவுவா மாவட்டங்களைப் பற்றி. பாரிஸ் பக்கம் இருக்கும் எங்களுக்கு அது ஒரு நாள் பயணத் தூரம். இலண்டனிலிருந்தும் ஜெனீவாவிலிருந்தும் வருகிறவர்கள்கூட இந்தப் பக்கத்தைத் தேடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: குசினியோடு கூடிய வாடகை வீடுகள் இங்கே ஏராளம்.

முதலில் ஒரு தாளில் ஆட்களை எழுதுங்கள்

எல்லோரும் செய்யும் முதல் பிழை, கூகுளில் "சிறந்த பனிச்சறுக்கு ஊர்" என்று தேடுவது. 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை, 425 கிலோமீட்டர் சறுக்குப் பாதை என்று எண்கள் வந்து கண்ணைப் பறிக்கும். முதல் தடவை போகும் குடும்பம் ஒரு வாரத்தில் பாவிக்கப்போவது அதில் நான்கைந்து கிலோமீட்டர்தான். அதனால் ஊரைப் பார்க்க முன்னர் ஆட்களைப் பாருங்கள்.

யார் யார் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வயது, யார் சறுக்கப் போகிறார்கள், யார் வெறுமனே பனியைப் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறார்கள், யாருக்கு முழங்கால் நோவு, யாருக்கு இரத்த அழுத்தம். எழுதி முடித்ததும், அந்தப் பட்டியலில் மிகவும் சிரமப்படக்கூடியவர் யார் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அது ஐந்து வயதுச் சின்னவள், அவளுக்கு அடுத்ததாக என் அம்மா. அந்த ஆளுக்கு வசதியான ஊரையும் வீட்டையும் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் தாங்களாகவே சந்தோசமாக இருப்பார்கள். துணிந்து சறுக்கக்கூடிய ஒருவருக்காக ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்ற நாலு பேரும் அறைக்குள் முடங்கிக் கிடக்கும் குடும்பங்களை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

கைக்குழந்தை இருந்தாலோ, இதய நோயோ மூச்சுக் கோளாறோ உள்ள பெரியவர்கள் வந்தாலோ, 2000 மீட்டர் உயரத்தில் இரவு தங்கலாமா என்று குடும்ப வைத்தியரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தாழ்வான கிராமங்களும் இருக்கின்றன.

எந்த வாரம்?

பிரான்சில் பள்ளி விடுமுறைக்கு நாடு மூன்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஏ, பி, சி. பெப்ரவரியில் ஒவ்வொரு வலயத்துக்கும் இரண்டு வாரம் விடுமுறை, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மொத்தம் நான்கு வாரம் வரும். பாரிஸ், கிரெத்தெய், வெர்சாய் எல்லாம் சி வலயம். உங்களுக்குக் கிடைக்கும் இரண்டு வாரத்தில், வேறு வலயத்தோடு சேராத வாரம் ஏதும் இருக்கிறதா என்று நாள்காட்டியில் பாருங்கள். இருந்தால், அந்த வாரத்தில் கூட்டமும் குறையும், வாடகையும் கொஞ்சம் இறங்கும். இங்கிலாந்துப் பள்ளிகளின் அரைத் தவணை விடுமுறையும் பெப்ரவரி நடுவில்தான் வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிள்ளைகள் இன்னும் கட்டாயப் பள்ளி வயதுக்கு வரவில்லையென்றால் ஜனவரியில் போங்கள். குளிர் கடுமை, ஆனால் வாடகை பாதியளவுக்கு இறங்குவதும் உண்டு. ஈஸ்டர் பக்கம் போவதானால் உயரமான ஊர்தான் சரி. வெயில் இதமாக இருக்கும். மதியத்துக்குப் பிறகு பனி கஞ்சி மாதிரி இளகிவிடும் என்பதால் காலையிலேயே சறுக்கி முடித்துவிட வேண்டும்.

வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை என்றுதான் கொடுக்கப்படும். பெப்ரவரிக்கு நல்ல வீடு வேண்டுமானால் செப்டம்பரில் தேடத் தொடங்குங்கள். டிசம்பரில் தேடினால் மிஞ்சிக் கிடப்பதுதான் கிடைக்கும்.

உயரமும் ஊரின் வகையும்

பனிச்சறுக்கு ஊர்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும். ஒன்று, காலங்காலமாக மனிதர்கள் வாழ்ந்துவரும் மலைக் கிராமம். தேவாலயம், பாண் கடை, பழைய மர வீடுகள் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் 1000 முதல் 1400 மீட்டர் உயரத்தில். அழகு அதிகம், ஆனால் மழை பெய்தால் கீழ்ப் பாதைகளில் பனி நிற்காது. மற்றது, 1960களிலும் 70களிலும் பனிச்சறுக்குக்காகவே, மரங்கள் வளரும் எல்லையை ஒட்டிய உயரத்தில் கட்டி எழுப்பப்பட்ட ஊர். லா பிளாஞ் 1961 இல் திறந்தது, லேஸ் ஆர்க் 1968 இல். 1800 முதல் 2100 மீட்டர் உயரத்தில் பெரிய பெரிய கட்டடங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நம்முடைய புறநகர் அடுக்குமாடிகள் மாதிரியே இருக்கும், அழகென்று சொல்ல முடியாது. ஆனால் வாசலில் பனி இருக்கும், கதவைத் திறந்ததும் பாதை இருக்கும்.

சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு நான் இரண்டாவது வகையைத்தான் சொல்வேன்.

உயரம் கூடக் கூட நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். வால் தொரன்ஸ் 2300 மீட்டரில் இருக்கிறது, ஐரோப்பாவின் பனிச்சறுக்கு ஊர்களில் அதுதான் உயரம். பனிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அங்கே மரங்கள் கிடையாது. பனி கொட்டி மேகம் இறங்கும் நாளில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, மேடு எது பள்ளம் எது என்று தெரியாது. புதிதாகக் கற்கும் பிள்ளை அதில் பயந்துபோகும். மரங்களுக்கு நடுவில் ஓடும் பாதைகள் இருந்தால் அந்த மாதிரி நாளிலும் கண் பிடிக்கும். 1600 முதல் 2000 வரை உள்ள ஊர்கள் அதற்குத் தோதானவை.

அப்புறம் பாதை வரைபடம். ஒவ்வொரு ஊரின் இணையத்தளத்திலும் கிடைக்கும். பிரான்சில் பச்சை மிக இலகு, நீலம் இலகு, சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். வரைபடத்தில் மேலே இருக்கும் சிகரங்களைப் பார்க்காதீர்கள். உங்கள் வீடு இருக்கப்போகும் புள்ளியில் விரலை வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த இடத்திலேயே பச்சைப் பாதையும், கற்பவர்களை நின்றபடியே மேலே கொண்டுபோகும் நகரும் கம்பளமும் இருக்கிறதா? மேலே போன பிள்ளை பச்சையிலோ நீலத்திலோ சறுக்கி வீட்டு வாசலுக்குத் திரும்ப முடியுமா? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. சில அழகான கிராமங்களுக்குத் திரும்பி வரும் பாதை சிவப்பாக இருக்கும். கற்பவர்கள் காலையில் கேபின் லிஃப்டில் ஏறி, மாலையில் அதிலேயே இறங்கி வர வேண்டும். லா பிளாஞைச் சேர்ந்த ஷம்பாஞி அப்படிப்பட்ட ஒரு கிராமம். பார்க்க எவ்வளவோ அழகு, ஆனால் முதல் வருடத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

பார்க்கத்தக்க சில ஊர்கள்

சவுவாவின் தாரந்தேஸ் பள்ளத்தாக்கில் லா பிளாஞ் ஒரு ஊரல்ல, பல ஊர்களின் கூட்டம். அதில் பெல் பிளாஞ், பிளாஞ் பெல்கோத், பிளாஞ் சொந்த்ர் ஆகியவை 1900 முதல் 2050 மீட்டர் வரை உயரத்தில் இருக்கின்றன. சுற்றிலும் அகன்ற நீலப் பாதைகள். கற்கும் குடும்பத்துக்கு இவ்வளவு வசதியான இடம் குறைவு. எதிர்ப்பக்கம் லேஸ் ஆர்க். இரண்டையும் 2003 இலிருந்து வனுவாஸ் எக்ஸ்பிரஸ் என்ற இரண்டடுக்குக் கேபிள் கார் இணைக்கிறது. ஆழமான பள்ளத்தாக்குக்கு மேலாக நாலு நிமிடத்தில் போய்ச் சேரும். பிள்ளைகளுக்கு அதில் போவதே ஒரு திருவிழா.

லேஸ் ஆர்க்கின் ஆர்க் 1600, ரயிலில் வருகிறவர்களுக்கு வரப்பிரசாதம். பாரிஸ் கார் து லியோனில் ஏறி பூர்க்-சன்-மொரிஸ் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்தே இழுவை ரயில் ஏழு நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விடும். கார் இல்லாத குடும்பங்கள் இதை மறக்கக் கூடாது. பக்கத்தில் பேசே-வலாந்ரி இருக்கிறது, மரங்களுக்கு நடுவில் மெல்லிய சரிவுகளோடு. மோசமான வானிலையில் நான் அங்கே இருக்கத்தான் விரும்புவேன்.

ஓத்-சவுவாவில் அவோரியா 1800 மீட்டரில் இருக்கிறது. ஊருக்குள் காரே கிடையாது. காரை வாசலில் நிறுத்திவிட்டுக் குதிரை வண்டியிலோ பனி வாகனத்திலோ சாமானை ஏற்றிப் போக வேண்டும். தெருவெல்லாம் பனி, பிள்ளைகள் பயமில்லாமல் ஓடலாம். ஒலிம்பிக் வீராங்கனை அனி ஃபாமோஸ் தொடங்கிய, பிள்ளைகள் பனிச்சறுக்குக் கற்கும் சிறுவர் கிராமம் அங்கே பெயர்பெற்றது. வாடகை மட்டும் கொஞ்சம் உறைக்கும். அதற்குக் கீழே லே ஜே, 1172 மீட்டர். உயிருள்ள கிராமம், ஜெனீவா விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். பெரியவர்கள் நடந்து திரியக் கடைத்தெரு இருக்கிறது. பனி குறைந்த வருடத்தில் கவலைப்பட வேண்டிவரும், அவ்வளவுதான்.

கிராமத்தின் அழகும் வேண்டும், கட்டி எழுப்பிய ஊரின் வசதியும் வேண்டும் என்றால் வால்மொரெல் பாருங்கள். 1976 இல் பழைய கிராமத்துச் சாயலில் கட்டியது, நடுத்தெருவில் கார் ஓடாது. லா ரோசியேர் தெற்கு நோக்கிய ஊர், வெயில் நன்றாக விழும். நீலப் பாதையில் தேறிய பிறகு, எல்லையைத் தாண்டி இத்தாலியின் லா துய்ல் பக்கம் மதியச் சாப்பாட்டுக்குப் போய் வருபவர்களும் உண்டு.

வீட்டு விளம்பரத்தை வாசிக்கும் முறை

பிரெஞ்சு விளம்பரத்தில் "2 பியேஸ், 4 பேர்" என்று இருந்தால் இரண்டு படுக்கையறை என்று அர்த்தமில்லை. ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும்தான். மற்ற இருவர் கூடத்தில் கிளிக்-கிளாக் என்ற மடிப்புச் சோபாவில் படுக்க வேண்டும். "கொயன் மொந்தாஞ்" என்றால் வாசல் நடைபாதையோரம் அடுக்குக் கட்டில் போட்ட ஒரு மூலை, கதவும் ஜன்னலும் இருக்காது. "காபின்" என்றால் அதே மூலைக்குக் கதவு உண்டு. நாலு பேருக்கு 25 சதுர மீட்டர் என்று வரும். படிக்கும்போது நம்ப முடியாது, ஆனால் உண்மை. அந்தக் காலத்தில் கட்டியவர்கள், ஆட்கள் பகலெல்லாம் வெளியில் இருப்பார்கள் என்று நினைத்துக் கட்டினார்கள். லேஸ் ஆர்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஷார்லோத் பெரியாந்த், சமைக்கிறவர் தனியாக ஒதுங்கிப் போகக் கூடாது என்று குசினியைக் கூடத்தோடு சேர்த்துத் திறந்து வைத்தார். சின்ன இடத்தை இவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்களே என்று அந்த வீடுகளுக்குள் நிற்கும்போதெல்லாம் நினைப்பேன். எண்ணெய் மணம் மெத்தை வரைக்கும் போகும் என்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

என் கணக்கு இது: விளம்பரம் ஆறு பேருக்கு என்று சொன்னால் நாலு பேர் வசதியாக இருக்கலாம். ஐந்து பேர் போகிறோம், ஒருவர் வயதானவர் என்றால் "3 பியேஸ், 6 முதல் 8 பேர்" என்று தேடுங்கள். அப்பம்மாவுக்குக் கதவுள்ள அறை வேண்டும். பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் ஒரு மூலையில் கிடைத்தாலே கொண்டாட்டம்.

படங்களைப் பார்க்கும்போது மலைக் காட்சிப் படத்தைத் தாண்டிப் போங்கள். குசினிப் படம் இருக்கிறதா, அடுப்பு என்ன வகை, உடை காயப்போட இடம் உண்டா, கழிவறை குளியலறையிலிருந்து தனியாக இருக்கிறதா, கீழ்த்தளத்தில் ஸ்கீ வைக்கும் பெட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். ஈரமான ஸ்கீயையும் சப்பாத்தையும் வீட்டுக்குள் கொண்டுவர எந்த வீட்டிலும் விட மாட்டார்கள்.

அந்த 300 மீட்டர்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்திருக்கலாம் என்றால் இதை வைத்திருங்கள். வீட்டு வாசலுக்கும் பிள்ளைகளின் பனிச்சறுக்குப் பள்ளி கூடும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் உங்கள் விடுமுறையைத் தீர்மானிக்கும்.

எங்கள் முதல் வருடத்தில், மலிவாக இருக்கிறது என்று ஒரு வீட்டை எடுத்தோம். விளம்பரத்தில் பள்ளிக்கு 300 மீட்டர் என்று இருந்தது. வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் அது சரிதான். ஆனால் வீடு பள்ளியைவிட மூன்று மாடி உயரம் கீழே இருந்தது. உறைந்த படிக்கட்டு, அதன்பின் ஒரு சாலை, அப்புறம் ஒரு ஏற்றம். கடினமான பிளாஸ்டிக் சப்பாத்தில் பெரியவர்களே நடக்கத் திணறுவார்கள். நான் இரண்டு பிள்ளைகளின் ஸ்கீயையும் தோளில் போட்டு, சின்னவளை ஒரு கையில் இழுத்துக்கொண்டு, மைனஸ் 12 பாகைக் குளிரில் போனேன். இரண்டாம் நாள் அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். வகுப்பு ஒன்பதேகாலுக்கு, நாங்கள் போய்ச் சேர்ந்தது பத்து மணிக்கு. மூன்றாம் நாள் காலையில் அம்மா சொன்னார்: "பிள்ளையை அழப்பண்ணி என்னடா விடுமுறை? இண்டைக்கு விடு." அந்த நாளைக் கட்டிய காசோடு விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் வீடு பிடிக்கும் முறை மாறிவிட்டது. முதலில் பள்ளி கூடும் இடத்தைக் கண்டுபிடிப்பேன். பிரெஞ்சு ஸ்கீ பள்ளியின் சிவப்பு உடைப் பயிற்சியாளர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான பியூ பியூ தோட்டம் எங்கே என்று அவர்களின் தளத்தில் இருக்கும். ஒரே ஊரில் இரண்டு மூன்று கூடுமிடங்கள் இருப்பதும் உண்டு. அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி வீடு தேடுவேன். செய்மதிப் படத்தையும் பாதை வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து, வீடு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியில் வீட்டுக்காரருக்கு மூன்றே கேள்வி எழுதுவேன்: ஐந்து வயதுப் பிள்ளை ஸ்கீ சப்பாத்தோடு பள்ளிக்கு நடந்துபோக எத்தனை நிமிடம்? வழியில் எத்தனை படி? கட்டடத்து லிஃப்ட் எந்தத் தளத்தில் விடும்? நேர்மையானவர்கள் நேராகப் பதில் தருவார்கள். "மிக அருகில்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு வீடு பாருங்கள்.

இப்படித் தேடிப் பிடித்த வீட்டுக்கு வாரத்துக்கு 150 யூரோ கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும் கொடுங்கள்.

செலவைக் கூட்டிப் பார்ப்பது

வாடகை மட்டும் செலவு என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். பெரிய சறுக்குப் பகுதிகளில் பெரியவர் ஒருவருக்கு, மலைக்கு ஏற்றிவிடும் லிஃப்டுகளுக்கான ஆறு நாள் அட்டையே 300 யூரோவைத் தாண்டும். அதன்மேல் வகுப்புக் கட்டணம், ஸ்கீயும் சப்பாத்தும் தலைக்கவசமும் வாடகைக்கு, படுக்கை விரிப்பும் துவாயும், கடைசித் துப்புரவு, பெரியவர்களுக்கு இரவுக்கு இவ்வளவு என்று தங்கும் வரி (18 வயதுக்குக் கீழே இல்லை), உயரமான ஊர்களில் கார் தரிப்பிடம், நெடுஞ்சாலைக் கட்டணம். எல்லாவற்றையும் கூட்டிய பிறகே இரண்டு ஊர்களை ஒப்பிடுங்கள்.

குறைக்கக்கூடிய இடங்களும் இருக்கின்றன. முதல் வருடம் முழுச் சறுக்குப் பகுதிக்கும் அட்டை வாங்க வேண்டாம். பல ஊர்களில் கற்பவர்களுக்கான லிஃப்டுகள் இலவசம், அல்லது மலிவான தொடக்க அட்டை உண்டு. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெரும்பாலான ஊர்களில் அட்டை இலவசம், வயதைக் காட்ட கடவுச்சீட்டோ அடையாள அட்டையோ கொண்டுபோங்கள். ஸ்கீ வாடகையை இணையத்தில் முன்பதிவு செய்தால் கடையில் கேட்பதைவிட நன்றாகக் குறையும். விரிப்பும் துவாயும் வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். உடைகளுக்கு, சுற்றியுள்ள நண்பர்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன ஒரு பனி உடுப்பு தொங்கிக்கொண்டிருக்கும்.

காப்புறுதியில் மட்டும் கை வைக்காதீர்கள். பாதையில் விழுந்து கால் முறிந்தால், மீட்புப் படை கீழே கொண்டுவருவதற்குத் தனிக் கட்டணம் உண்டு, சாதாரண மருத்துவ அட்டை அதைத் தாங்காது. லிஃப்ட் அட்டையோடு நாளுக்குச் சில யூரோ கட்டிக் காப்புறுதி எடுக்கலாம். சில வங்கிகளின் உயர்தர அட்டைகளில், அந்த அட்டையால் பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தால், பனி மலைக் காப்பும் சேர்ந்தே வரும். உங்கள் வங்கியின் நிபந்தனைத் தாளை வாசித்துப் பாருங்கள்.

குசினி

மலையில் பசி வேறு மாதிரி. பிள்ளைகள் மதியம் வந்து சட்டியையே தின்றுவிடுவார்கள். சூடான சோறும் பருப்பும் இருந்தால் அதைவிட வேறெதுவும் வேண்டாம். ஆனால் 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டு இருப்பீர்கள், பருப்பு வேகாது. சோறு நடுவில் அரிசியாக நிற்கும். முதல் வருடம் கடலை அவிக்கப் போட்டு இரவு பத்து மணி வரை காத்திருந்தோம். அதனால் பிரஷர் குக்கர் ஒன்றைச் சாமானோடு கட்டாயம் வையுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அடுப்பு தூண்டல் அடுப்பு என்றால் அலுமினியக் குக்கர் சூடாகாது, அடியில் காந்தம் ஒட்டும் எஃகுக் குக்கர்தான் வேலைசெய்யும். கண்ணாடி மேற்பரப்புள்ள சாதாரண மின் அடுப்பு என்றால் எதுவும் சரி. பதிவு செய்ய முன்னர் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். கடலை, பயறு வகைகளை டின்னில் கொண்டுபோவது புத்தி. மைசூர்ப் பருப்பு சீக்கிரம் வேகும்.

தாளிப்பு அடுத்த பிரச்சினை. அந்தச் சின்னக் குசினிகளில் புகையை வெளியே தள்ளும் குழாய் அநேகமாக இருக்காது, வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடும் கருவிதான். புகை உணரியும் கூரையில் இருக்கும். மிளகாய் கருகினால் கட்டடத்துக்கே தெரிந்துவிடும். நாங்கள் பாரிஸின் லா சப்பல் தமிழ்க் கடைகளில் சாமான் வாங்கி, வெங்காயம் வதக்கிய குழம்பு, கோழிக் கறி, ஒரு பெட்டி சம்பல் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்து உறையவைத்துக் குளிர்ப்பெட்டியில் கொண்டுபோகிறோம். பயணம் முடியும்வரை உறைந்தே இருக்கும். அங்கே சோறு, பருப்பு, இடியப்பத்தை நனைத்து ஆவியில் வைப்பது, இவ்வளவுதான் வேலை.

மேலேயுள்ள ஊர்க் கடைகளில் விலை அதிகம், சனிக்கிழமை மாலை வரிசையும் நீளம். பால், முட்டை, மரக்கறியை அல்பேர்வில், மூத்தியே, ஏம் போன்ற அடிவாரப் பட்டணங்களில் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். ஒரு நாள் மாலைக்கு மட்டும் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் செய்து பாருங்கள். பல வீடுகளில் ராக்லெத் உருக்கும் கருவி அலமாரியில் இருக்கும். அவித்த உருளைக்கிழங்கின் மேல் உருகிய பாலாடைக்கட்டியை ஊற்றிப் பக்கத்தில் எங்கள் ஊறுகாயை வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

போகும் வழி

காரில் போகிறவர்களுக்கு: 2021 நவம்பரிலிருந்து மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ, சக்கரச் சங்கிலியோ கட்டாயம். சங்கிலி வாங்கினால் ஒரு தடவை வீட்டு வாசலிலேயே பூட்டிப் பழகுங்கள். இருட்டில், பனியில், கையுறையோடு முதல் தடவை பழகுவது பெரும்பாடு.

பெப்ரவரிச் சனிக்கிழமைகளில் அல்பேர்விலுக்கும் மூத்தியேக்கும் நடுவில் மணிக்கணக்காக வாகனம் நிற்கும். பிசோன் ஃபுத்தே என்ற அரசுச் சேவை எந்த நாள் எந்த நேரம் நெரிசல் என்று நிறம் போட்டு அறிவிக்கும். நாங்கள் விடியப்புறம் மூன்று மணிக்கே வெளிக்கிடுவோம். வீட்டுத் திறப்பு மாலை நாலு ஐந்து மணிக்குத்தான் தருவார்கள். முந்திப் போனால் பரவாயில்லை, ஸ்கீ வாடகைக் கடையில் அந்த நேரம் கூட்டம் இருக்காது.

முதல் இரண்டு நாள்

சப்பாத்து அளவு சென்டிமீட்டரில் இருக்கும். நேராக நின்றால் பெருவிரல் முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். உள்ளே ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை. குளிருமே என்று இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் குளிரும். நோகிறது என்று பிள்ளை சொன்னால் அன்றே கடையில் மாற்றுங்கள், காசு கேட்க மாட்டார்கள். ஜீன்ஸும் பருத்தி உடுப்பும் வேண்டாம், நனைந்தால் காயாது. பிள்ளைகளுக்கு விரல் பிரியாத பைக் கையுறை சூடு. தலைக்கவசத்தைப் பிரான்சில் சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து வீதம் கூடும், புதுப் பனி அதில் 80 வீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். பூச்சு போடுங்கள், காதுக்கும் நாடிக்குக் கீழேயும். கண்ணாடி இல்லாமல் ஒரு பிள்ளையும் வெளியே போகக் கூடாது.

முதல் நாளிலேயே நீங்களே சொல்லிக்கொடுக்க முயலாதீர்கள், உங்களுக்குத் தெரிந்தாலும்கூட. ஆறு அரைநாள் வகுப்பில் சேருங்கள். வாரக் கடைசியில் சோதித்துப் பதக்கம் தருவார்கள்: கரடிக்குட்டி, பனிச்செதில், முதல் நட்சத்திரம் என்று படிப்படியாகப் போகும். எங்கள் சின்னவளின் கரடிக்குட்டிப் பதக்கம் இன்னும் புத்தகப் பையில் தொங்குகிறது. நீங்களும் பெரியவர்களுக்கான வகுப்பில் சேருங்கள். பிள்ளை உங்களை முந்திப் போவதைப் பார்ப்பது தனிச் சந்தோசம்.

சறுக்காதவர்களையும் மறக்க வேண்டாம். நடந்து போகிறவர்களுக்கான மலிவான லிஃப்ட் அட்டை உண்டு. அம்மா அதில் மேலே வந்து, வெயிலில் நாற்காலி போட்டு, தேத்தண்ணியோடு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பனி வண்டில் விடுவதற்கு ஒதுக்கிய இடங்கள் இருக்கும், சறுக்குப் பாதையில் விடக் கூடாது. வாரத்தின் நடுவில், புதன் மத்தியானம், எல்லோரும் களைத்துப்போவார்கள். அந்த அரைநாளை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை காலை

பத்து மணிக்கு வீட்டை விட வேண்டும். துப்புரவுக்குக் காசு கட்டியிருந்தாலும் குசினி மூலையும் பாத்திரமும் பெரும்பாலும் உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். மஞ்சள் கறை வெள்ளை மேசையில் பட்டால் அன்றன்றே துடையுங்கள், கடைசி நாள் தேய்த்தால் போகாது, வைப்புப் பணத்தில் கழிப்பார்கள். வந்த அன்றே வீட்டிலுள்ள கீறல், உடைவு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பியிருந்தால் போகும்போது வாக்குவாதம் வராது.

திறப்பைக் கொடுத்ததும் உடனே இறங்காதீர்கள். அந்த நேரம் எல்லோரும் இறங்குவார்கள். சாமானைக் காரில் ஏற்றிவிட்டு, பிள்ளைகளைப் பனி வண்டிலோடு மூன்று மணி வரை விளையாட விடுங்கள். காலையில் கட்டி வைத்த புளிச்சோற்றை அங்கேயே பனியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வெளிக்கிட்டால், மூத்தியேக்கு வரும்போது பாதை திறந்திருக்கும்.